சாவி வரும்வரை: நூலக வகுப்புகளில் நாலு வருஷம்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் நகரின் பீனிக்ஸ் பகுதியில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள். “எங்க லைப்ரரியிலயும் பெரியவங்களுக்கு கிளாஸ் ஆரம்பிக்கிறாங்களாம். நீதான் நாலு வருஷமா போறியே, சேரலாமா?” குரல் பதிவாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். ஏழு நிமிடம் ஓடிவிட்டது. அதில் ஐந்து நிமிடம் ஒரு சாவியைப் பற்றித்தான் பேசியிருந்தேன். நானே கேட்டுப் பார்த்து வெட்கப்பட்டு அழித்துவிட்டேன். எழுதினால் கொஞ்சம் நியாயமாக இருப்பேனோ என்று ஒரு நப்பாசை. பார்ப்போம்.

எந்தக் கிளை என்று சொல்லப்போவதில்லை. டர்பனில் நான் இருக்கும் சாட்ஸ்வொர்த் பக்கம் நூலகம் ஒன்றுக்கு மேல் உண்டு, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர என்ன வேண்டும் என்பது டர்பனில் எல்லோருக்கும் தெரியும்: அடையாள அட்டை, முகவரிக்கு ஒரு சான்று. காசு கிடையாது. 2021 கடைசியில் கணினி வகுப்பில் சேர்ந்தேன், அப்புறம் பின்னல் குழு, அதற்கும் அப்புறம் ஜூலு பேச்சு வகுப்பு. நடுநடுவே ஒருநாள் நிகழ்ச்சிகள். உயில் எழுதுவது, சர்க்கரை நோய்க்காரர் சாப்பாடு, இப்படி. மார்ச் மாத நூலக வாரத்தில் பேச வந்த ஒருவர், 1818 மார்ச் 20 அன்று கேப் டவுனில் கவர்னர் சாமர்செட் ஒயின் மேல் வரி போட்டு, அந்தப் பணத்தில் பொது நூலகம் தொடங்க உத்தரவு போட்ட கதையைச் சொன்னார். “குடிச்சவன் காசுல படிச்சிருக்காங்க” என்று என் பக்கத்தில் இருந்த ஆயா சத்தமாகவே சொல்லிவிட்டார். (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் சொல்வார்கள். மன்னார்குடியிலிருந்து வந்த எனக்கு அது பழகவே ஒரு வருஷம் ஆனது.) ஆயா என் பக்கத்து வீட்டுக்காரர், வயது 78. இந்தக் கதையில் அவர்தான் அதிகம் வருவார்.

சரி, சாவி.

வகுப்புகள் நூலகத்துக்குள் நடப்பதில்லை. பக்கவாட்டில் ஒரு கூடம் இருக்கிறது. கூடம் நூலகத்துடையது, சாவி வேறொரு பிரிவுடையது. அந்தப் பிரிவின் ஆள் செவ்வாய்க்கிழமை காலையில் இன்னும் இரண்டு கூடங்களைத் திறந்துவிட்டுத்தான் எங்களிடம் வர முடியும். வகுப்பு 10 மணிக்கு என்று அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கதவு திறப்பது 10:40க்கு. நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன் (ஆமாம், குறித்து வைத்திருக்கிறேன்): இந்த நாலு வருஷத்தில் பத்து மணிக்குக் கதவு திறந்த செவ்வாய்க்கிழமைகள் மொத்தம் 11. வாசலில் பெஞ்சு கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மேசையில் கேட்டால் எல்லோரும் நல்லவர்களாகவே பதில் சொல்வார்கள். “வந்துகொண்டிருக்கிறார்.” நாலு வருஷமாக அந்த மனிதர் வந்துகொண்டேயிருக்கிறார்.

நியாயமாகப் பேசுவேன் என்றேன் அல்லவா, மற்ற தடங்கல்களையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அப்போது எங்கள் கூடம் முழுக்கப் போர்வையும் டின் உணவும் அடுக்கியிருந்தது, ஆறு வாரம் வகுப்பு இல்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அக்டோபர், நவம்பரில் மெட்ரிக் (இங்கே பள்ளி இறுதி) பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கூடத்தைக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கத்தான் வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் உட்காரக்கூட இடமில்லை. 2022லும் 2023லும் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. ஆறாம் நிலை என்று அறிவித்தால் ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கும் மேலே இருட்டுதான். கணினி வகுப்பில் கணினியைக் கைகாட்டி, “இந்த இடத்தில் வெளிச்சம் வரும்” என்று ஆசிரியர் பாடம் நடத்திய நாட்கள் உண்டு. 2024 மார்ச் கடைசியில் அது பெரும்பாலும் ஓய்ந்தது. ஆனால் ஒன்று சொல்வேன். லோட்ஷெடிங்குக்கு அட்டவணை இருந்தது. எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று போனைப் பார்த்தால் தெரியும். சாவிக்கு எந்த அட்டவணையும் இல்லை.

கணினி வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மவுஸ்கள் பழசு. மின்னஞ்சல், வேலைக்கு விண்ணப்பம், வங்கிச் செயலியில் ஏமாறாமல் இருப்பது எல்லாம் சொல்லித்தந்தார்கள். வேலையில்லாதவர்களுக்கு அப்போது அரசு கொடுத்த 350 ராண்ட் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், வகுப்பில் பாதி நேரம் அவர்களுக்குப் படிவம் நிரப்புவதிலேயே போகும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆயா அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து சாமி விளக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பின்னல் குழுவில் நான் மோசம். ஜூலை 18 மண்டேலா நாளன்று எல்லோரும் 67 நிமிடம் ஊருக்கு உழைக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம், அவர் பொதுவாழ்வில் கழித்த 67 வருஷத்துக்காக. அதற்குப் போர்வை பின்னுவோம். என் சதுரம் மட்டும் எப்போதும் நாற்கோணமாக வராது.

இப்போது ஜூலு வகுப்பு. இங்கேதான் என் கோபம் தடுமாறுகிறது.

ஆசிரியை ஓய்வுபெற்ற பள்ளி டீச்சர். உம்லாஸியிலிருந்து இரண்டு டாக்ஸி (இங்கே அது ஷேர் வேன்) மாறி, சொந்தக் காசில் வருகிறார். சம்பளம் இல்லை. ஜூலுவில் ஆசிரியரை ‘திஷா’ என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். முதல் நாள் அவரும் எங்களோடு வாசலில் நின்றார். நின்றவர் நேரத்தை வீணாக்கவில்லை. கதவைக் காட்டி, “ஊபி உக்கீயே?” என்றார். சாவி எங்கே? நாங்கள் ஜூலுவில் கற்ற முதல் முழு வாக்கியம் அதுதான். அப்புறம் காவலாளி தம்பியிடம் போய் ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே “அங்காஸி” என்றான். தெரியாது. மேசையில் இருந்த பெண் “அகெகோ” என்றாள். ஆள் இல்லை. கதவு திறப்பதற்குள் மூன்று பாடம் முடிந்துவிட்டது.

ஜூலுவில் நாக்கைச் சொடுக்கிச் சொல்கிற எழுத்துகள் மூன்று உண்டு. எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். நம் ஆட்கள் பயப்பட வேண்டியதில்லை. ஒன்று, நாம் ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்டுகிறோமே, அச்சு அசல் அதே சத்தம். இன்னொன்று வண்டிமாட்டை ஓட்ட வாயோரத்தில் போடுகிற சத்தம். மூன்றாவது, புட்டி மூடியைத் திறந்தாற்போல அண்ணத்தில் அடிப்பது. மூன்றும் நம் வாயிலும் இருக்கின்றன, எழுத்தில்தான் இல்லை. ‘தயவுசெய்து கொடுங்கள்’ என்பதற்கு அவர்கள் சொல்கிற ‘ங்கிசெலா’வில் நடுவில் நான் ‘செ’ என்று எழுதுவது உண்மையில் அந்த உச்சுதான். நாம் அடுத்தவருக்காகப் பரிதாபப்பட உச்சுக் கொட்டுவோம். இங்கே ஒன்றைப் பணிவாகக் கேட்கவே உச்சுக் கொட்ட வேண்டும். இதை நான் சொன்னபோது திஷா விழுந்து விழுந்து சிரித்தார்.

இலக்கணமும் நமக்கு அந்நியமில்லை. ‘ங்கியாபோங்கா’ என்றால் நன்றி சொல்கிறேன், ‘சியாபோங்கா’ என்றால் நன்றி சொல்கிறோம். நமக்குச் சொல்லின் வால் மாறும், அவர்களுக்குத் தலை மாறும். விலை என்ன என்று கேட்க ‘யிமாலினி?’ எங்கள் வகுப்பில் மாலினி என்று பேர் வைத்த பேத்தி யாருக்காவது இருந்தால் அவ்வளவுதான், அன்று பாடம் நடக்காது. ‘தாத்தா’ என்றால் எடு. நூலகத்துக்கு ‘உம்தாபோ வோல்வாஸி’ என்கிறார்கள், அறிவுச் சுரங்கம். சுரங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். வாசலில் பூட்டு.

ஆயா இந்த வகுப்புக்கு வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அவர் பிறந்தது மேகஸின் பேரக்ஸில். டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் நம் ஆட்கள், நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. 1960களில் எல்லோரையும் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். பள்ளியில் ஆயா ஆங்கிலமும் கொஞ்சம் ஆப்பிரிக்கான்ஸும் படித்தார். ஜூலு படிக்கவில்லை. நாட்டில் வேறெந்த மொழியையும்விட அதிகம் பேர் வீட்டில் பேசுகிற மொழியை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பதிலுக்கு ஃபனகலோ வந்தது. சுரங்கத்திலும் தோட்டத்திலும் கடையிலும் வேலை வாங்குவதற்காக உண்டான ஒட்டுப்போட்ட பேச்சு. அதில் வா, போ, எடு, வை என்பதற்கெல்லாம் குறைவில்லை. “அறுபது வருஷமா அதிகாரம் மட்டும் பண்ணிட்டிருந்திருக்கேன் மா” என்று ஒருநாள் வாசலில் நின்றபடி ஆயா சொன்னார். திஷா சொல்லித்தந்த முறை நேர் எதிர். முதலில் ‘சவுபோனா’, அப்புறம் நலம் விசாரிப்பு, அவர்கள் நலம் சொன்ன பிறகு நம் நலம், அதற்கப்புறம்தான் காரியம். எடுத்தவுடன் காரியத்துக்குப் போனால் திஷா புருவத்தைத் தூக்குவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு ஆயாவோடு போனேன். மதும்பி விற்கும் அம்மாளிடம் (நம் சேப்பங்கிழங்குதான்) ஆயா வழக்கம்போலக் கூடையைக் காட்டி விரலை நீட்டுவார் என்று நினைத்தேன். நின்று, முகத்தைப் பார்த்து, முழு விசாரிப்பையும் வரிசை தப்பாமல் முடித்து, உச்சு பிசகாமல் ‘ங்கிசெலா’ சொன்னார். அந்த அம்மாள் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ‘கோகோ’ என்று கூப்பிட்டார். பாட்டி என்று அர்த்தம். இரண்டு பேரும் பதினைந்து வருஷமாக ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். கிழங்கு ஒரு கை கூடுதலாகவே விழுந்தது. நான் மூன்று பை காய்கறியோடு அரைமணி நேரம் நின்றேன்.

ஆயாவுக்கு வகுப்பின் மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்றும் கேட்டேன். அவருடைய வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் எம்.எல். சுல்தான் கல்லூரியின் இரவு வகுப்பில் வெல்டிங் படித்தாராம். கொல்லத்திலிருந்து 1890ல் ஒப்பந்தக் கூலியாக வந்த சுல்தான் பின்னாளில் கொடுத்த நன்கொடையில் எழும்பிய கல்லூரி அது, இப்போது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. “அவரு போவாரு, நான் டிபன் கட்டிக் கொடுப்பேன். இப்ப என் முறை.” அங்கே கதவு நேரத்துக்குத் திறந்திருக்குமா என்று நான் விடாமல் கேட்டேன். “ஏழு மணின்னா ஏழு மணி” என்றார்.

வாசலில் காத்திருந்த நேரம்தான் உண்மையான வகுப்பு என்று எங்கள் குழுவில் ஒரு அண்ணன் அடிக்கடி சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வயது 45, முட்டி வலி கிடையாது. டிசம்பர் வெயிலில் ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல டீச்சர் ஒருவர் வாசலையும் வகுப்பாக மாற்றினார் என்றால் அந்தப் பெருமை டீச்சருக்கு. சாவி வைத்திருப்பவருக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம், போன மாதம் கூடத்தின் பூட்டை மாற்றிவிட்டார்கள். நாங்கள் எழுதிக்கொடுத்த நாலாவது கடிதத்துக்கு அப்புறம். புதுச் சாவி ஒன்று நூலக மேசையிலேயே இருக்கிறது. முதல் செவ்வாய் சரியாகப் பத்து மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே திஷா தனியாக நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் 10:35க்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அன்று ஆளுக்கு ஒரு தடவை ஜூலுவில் மன்னிப்புக் கேட்டோம். இரண்டாவது செவ்வாய் நாங்களும் நேரத்துக்குப் போனோம். பலகையில் எழுத மார்க்கர் வேண்டும் என்றார் திஷா. மார்க்கர் அலமாரியில். அலமாரிச் சாவி அந்தப் பிரிவில். “வந்துகொண்டிருக்கிறார்.”

ஆக, தோழிக்கு மதிப்பெண். இன்றைய மனநிலையில் பத்துக்கு மூன்று. நேரத்துக்கு மரியாதை கொடுக்காத இடத்தில் பெரியவர்களைக் கூட்டிவைக்கக் கூடாது, சேராதே என்றுதான் சொல்வேன். நான் ஜனவரியில் தொடங்கும் இரண்டாம் நிலை ஜூலு வகுப்புக்குப் பேர் கொடுத்துவிட்டேன், ஆயாவுக்கும் சேர்த்து. கைப்பையில் இரண்டு மார்க்கர் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு கருப்பு, ஒரு நீலம்.

உங்கள் கிளையில் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேள்: ஊபி உக்கீயே? ‘அங்காஸி’ என்று பதில் வந்தால் மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிக்கொண்டு போ.