ஊட்டி மேகமும் 10 ஸ்டாப் ஃபில்டரும்

கருப்பு வெள்ளையில் கட்டடம் எடுக்கிறவர்களில் பலர் பையில் இப்போது 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று கிடக்கிறது. லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். 1/125 நொடியில் முடிய வேண்டிய படம் 8 நொடி கேட்கும். லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரையும் சுருக்கினால் நிமிடக் கணக்கில் போகும். அதற்குள் மேகம் கோடாக இழுபட்டிருக்கும், கட்டடம் மட்டும் அசையாமல் நிற்கும். நகரத்துக் கண்ணாடிக் கோபுரங்களுக்கு அருமையான சாமான். ஊட்டியில் வருஷக்கணக்காகப் புழங்கியதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு.

இங்கே மேகம் பல நாள் தலைக்கு மேலே போவதில்லை, நம்மோடு ரோட்டில் போகிறது. மூடுபனிக்குள் இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் சாம்பல் பூசிய சுவர்தான் மிஞ்சும். ஜூன், ஜூலையில் வானம் முழுக்க ஒரே மூட்டம். ஜனவரி உறைபனிக் காலைகளில் இழுக்க மேகமே இருக்காது. 10 ஸ்டாப்புக்கு வேலை வருவது கோடை மதியங்களிலும், மழை விட்டுவிட்டுப் பெய்யும் செப்டம்பரிலும்தான். மற்றபடி 6 ஸ்டாப் போதும். ஓரிரு நொடியில் பனி லேசாக நகர்ந்த தடம் விழும், கட்டட விளிம்பும் தொலையாது.

கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள மலையில் நவீனக் கட்டுமானம் என்றால் எனக்கு ஊட்டிப் பக்கத்து முத்தொரை ரேடியோ தொலைநோக்கிதான். 1970-இல் வந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், சரிவில் வரிசையாக 24 பரவளையச் சட்டங்கள். சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. கிழக்கு மேற்காகத் திருப்பினாலே வானத்தைப் பின்தொடர்ந்துவிடும். படமெடுப்பவருக்கு அங்கேதான் சிக்கல். பின்தொடரும்போது நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாலு நிமிட எக்ஸ்போஷரில் சட்டத்தின் நுனி கால் மீட்டர் நகர்ந்து கரைந்துபோகும். ரோட்டோரம் நின்று அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்கும் 6 ஸ்டாப்தான்.

கண்ணாடியின் தரத்தைப் பற்றி ஒன்று. கருப்பு வெள்ளைதானே, நிறம் மாறினால் என்ன என்று மலிவானதை வாங்க வேண்டாம். அகச்சிவப்பு ஒளியைத் தடுக்காத ஃபில்டரில் இலைகள் வெளுக்கும். தேயிலைத் தோட்டத்து நடுவே ஒரு காங்கிரீட் வீடு இருந்தால் செடியும் சுவரும் ஒரே சாம்பலில் கலந்துவிடும்.

சதுர ஃபில்டரும் ஹோல்டரும் இந்தக் காற்றுக்குச் சரிப்படவில்லை, டிரைபாடையே ஆட்டுகிறது. லென்ஸிலேயே திருகி மாட்டும் வகைதான் என் விருப்பம், அதிலும் பித்தளை வளையம். அலுமினிய வளையம் குளிரில் லென்ஸோடு இறுகிக்கொண்டால், சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டித் திருகினால்தான் கழலும்.

ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தவர்களுக்கு வேறு தலைவலி இருந்திருக்கும்: நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குறையும், கணக்குக்கு மேலே கூட்டிக் கொடுக்க வேண்டும். டிஜிட்டலில் அது கிடையாது. ஆனால் நீண்ட எக்ஸ்போஷரில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டால் 2 நிமிடப் படத்துக்கு அப்புறம் இன்னொரு 2 நிமிடம் கேமரா சும்மா நிற்கும், அதற்குள் வெளிச்சம் போய்விடும். நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

புதிதாக வாங்குகிறவர் இருக்கிற பெரிய லென்ஸின் அளவுக்கு ஒரு நல்ல 6 ஸ்டாப் வாங்கி, சின்ன லென்ஸுக்கு ஸ்டெப் அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். 10 அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.