வாராக்கடன்: அடிபட்ட பிறகு எழுதுவதா, அதற்கு முன்பே ஒதுக்குவதா?

கடனுக்குச் சரக்கு கொடுத்தால் பாக்கி முழுசாகத் திரும்பி வராது. இது மளிகைக் கடைக்காரருக்கே தெரியும். வராத பணத்தை எந்தத் தேதியில் நஷ்டமாகக் காட்டுவது என்பதில்தான் சண்டை.

பழைய முறைப்படி, வாடிக்கையாளர் பணம் கட்டமாட்டார் என்பதற்கு அறிகுறி தெரிந்தால்தான் கணக்கில் ஏறும். 2008 நெருக்கடியில் வங்கிகள் நஷ்டத்தை ரொம்பத் தாமதமாகக் காட்டியதாக விமர்சனம் எழுந்தது. அமெரிக்கக் கணக்கியல் வாரியம் 2016-ல் புதிய முறையை அறிவித்தது. பெரிய பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2020 முதல் இது கட்டாயம். பில் போட்ட அன்றைக்கே, எதிர்பார்க்கும் நஷ்டத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

ஓர் உதாரணம்: பாக்கி 100 கோடி டாலர், அனுபவத்தில் ஆயிரத்துக்கு 3 டாலர் வராது என்று வைத்துக்கொள்வோம். அறிகுறி ஏதும் இல்லையென்றால் பழைய முறைக்கு ஒதுக்கீடே வேண்டாம். புதிய முறையில் முதல் நாளே 30 லட்சம் டாலர் லாபத்தில் கழியும்.

அமெரிக்காவில் மருந்து தயாரிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாக உறைக்காது. அங்கே மருந்து விநியோகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மெக்கெஸன், சென்கோரா, கார்டினல் என்ற மூன்று மொத்த வியாபாரிகளின் கையில். அவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். தயாரிப்பாளரின் லாபத்தைக் கடிப்பது தள்ளுபடிகள்தான், அது வேறு கதை.

சிக்கல் ஒரு படி கீழே, மருந்துக் கடைச் சங்கிலிகளில் இருக்கிறது. ரைட் எய்ட் 2023 அக்டோபரில் திவால் மனு போட்டது. அதற்குச் சரக்கு கொடுத்துவந்த மெக்கெஸன், 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அந்த ஒரு வாடிக்கையாளருக்காக மட்டும் 72.5 கோடி டாலரை வாராக்கடனாக ஒதுக்கியது. ஆண்டு விற்பனை சுமார் 30,900 கோடி டாலர், அதோடு பார்த்தால் தூசு. ஆனால் நிகர லாபம் சுமார் 300 கோடிதான். மொத்த வியாபாரத்தில் லாபம் அவ்வளவு மெல்லிசு என்பதால் அடி நன்றாகவே தெரிந்தது. கம்பெனி, சில செலவுகளைத் தானே விலக்கிக் காட்டும் தன் 'சரிக்கட்டிய லாப'த்தில் இந்தத் தொகையைக் கழிக்கவில்லை. கடன் கொடுப்பதே தொழிலின் பாதி என்னும்போது, அதைத் தள்ளிவைத்துப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

இத்தனைக்கும் மெக்கெஸன் புதிய முறையில்தான் கணக்கெழுதுகிறது. ஆயிரம் சின்னக் கடைகள் என்றால் பழைய அனுபவத்தின் சராசரி வேலை செய்யும். அங்கே என் ஓட்டு புதிய முறைக்கே. ஒரே பெரிய வாடிக்கையாளர் சாயும்போது சராசரிக்கு அங்கே வேலை இல்லை, அடி இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான் விழும். மெக்கெஸனின் விற்பனையில் கால் பங்கு அளவுக்கு வாங்குவது சிவிஎஸ் என்ற ஒரே மருந்துக் கடைக் கம்பெனி. அதனால் மெக்கெஸனின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், ஒதுக்கீட்டுத் தொகைக்கு முன்னால் நான் புரட்டுவது பெரிய வாடிக்கையாளர்கள் பற்றிய பக்கத்தைத்தான்.