துருவைத் துடைக்காத பட்டறை

ஒரு இரும்பு வாஷரை டாலராகச் செய்து வாங்கியிருக்கிறேன். தெருவில் கிடந்து வண்டிச் சக்கரங்கள் ஏறி ஏறி முட்டை வடிவத்துக்கு நசுங்கிப்போன, நன்றாகத் துருப்பிடித்த வாஷர். கால் முறிந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு ஊன்றுகோல் இல்லாமல் நடந்த முதல் நாள், யார் கையையும் பிடிக்காமல் குனிய முடிகிறதா என்று பார்க்கத்தான் அதை எடுத்தேன். முடிந்தது. அன்றிலிருந்து என் பையிலேயே இருந்தது.

கண்டெடுத்த பொருளை நகையாக்கித் தருகிறோம் என்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள், ஆனால் எல்லோரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இதற்கு முன் கடற்கரையில் பொறுக்கிய பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்றை வேறோரிடத்தில் கொடுத்தேன். அலையும் மணலும் பல வருடம் தேய்த்து, கடல்நீர் அரித்து, பனி படர்ந்த மாதிரி ஆகியிருந்த கண்ணாடி. அதைச் சாணை பிடித்துப் பளபளவென்று மெருகேற்றிக் கையில் கொடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் பொறுக்கியது அதுவல்ல. கடல் செய்த வேலை முழுக்கப் போய்விட்டது, அதை இனி யாராலும் திருப்பித் தர முடியாது.

இந்த முறை போனது ஒருவரே நடத்தும் சின்னப் பட்டறை. டிசைன் படங்கள் எதையும் நீட்டவில்லை. எங்கே கிடந்தது, எந்தப் பக்கம் மேலே தெரிந்தது, எடுத்ததும் துடைத்தீர்களா என்று கேட்டார். 2005இல் மறைந்த அமெரிக்க நகைக் கலைஞர் ரமோனா சோல்பெர்க்கைப் பற்றியும் பேசினார். டாமினோ என்ற விளையாட்டின் புள்ளி போட்ட கட்டையை அவர் கழுத்தணியில் வைத்தால் அது டாமினோவாகவே இருக்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ஷோபிங்கர் பாட்டில் கழுத்துகளையே கோத்துக் கழுத்தணி செய்தவர். அந்த வழியில் வந்த ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது, எனக்கும் நம்பிக்கை வந்தது.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாஷரில் எங்கேயும் பற்றவைக்கவில்லை. வெள்ளியைப் பற்றவைக்க 700 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும், ஆனால் 300 டிகிரியிலேயே மஞ்சள் துரு தன்னிடமுள்ள நீரை இழந்து சிவப்பாகிவிடும், அதனால் எனக்குத் தெரிந்த அந்த நிறம் போய்விடும் என்றார். அதற்குப் பதிலாக 92.5 வெள்ளியில் ஒரு பின்தகடு செய்து, கொக்கிக்கு வேண்டிய வளையத்தை அதில் முதலிலேயே பற்றவைத்துவிட்டு, பிறகு தகட்டின் ஓரத்திலிருந்து நான்கு நகங்களை மடக்கி வாஷரைப் பிடித்திருக்கிறார். உதிரும் துருவை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு மேலே மெழுகு. அவ்வளவுதான். நகங்கள் கூட நசுங்கல் இருக்கும் இடங்களைத் தவிர்த்து உட்கார்ந்திருக்கின்றன, இதை நான் கேட்கவேயில்லை.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்றவர் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார், நடுவில் ஒரு தகவலும் இல்லை. சங்கிலி இந்த எடைக்கு மெலிசு, நடக்கும்போது டாலர் புரண்டுகொள்கிறது, கனமான சங்கிலியை நானே வாங்கி மாட்டிக்கொண்டேன். பராமரிப்பு பற்றி நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். வெள்ளியும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் வியர்வை பட்டால் இரும்பு சீக்கிரம் அரிக்கும், அதனால் அவ்வப்போது மெழுகு தடவ வேண்டும், உடற்பயிற்சிக்குக் கழற்றிவிட வேண்டும். இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம், இருட்டில் ஒளிரும் பழைய கைக்கடிகார முட்களை அவர் வாங்குவதில்லை. 1960கள் வரை அந்தப் பூச்சில் ரேடியம் கலந்தார்கள், அதைச் சுரண்டினாலே ஆபத்து. உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் வீட்டிலும் தொட்டு வேலை செய்யாதீர்கள்.

டாலர் கைக்கு வந்ததும் திருப்பிப் பார்த்தேன். பின்தகட்டின் நடுவில், விரல் நுனி அளவுக்கு ஒரு திறப்பு வெட்டியிருந்தார். எந்தப் பக்கம் மேலே தெரிந்தது என்று அன்று கேட்டது இதற்குத்தான் போலிருக்கிறது. தெருவில் நான் பார்த்த பக்கம் முன்னால் இருக்கிறது, தரையில் பதிந்து கிடந்த பக்கத்தை அந்தத் திறப்பு வழியாகத் தொடலாம். படியேறும்போது என் விரல் தானாகவே அங்கே போகிறது.