திருகோணமலை வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஒரு ஜி.பி.எஸ்.: வயரிங்கும் தாங்கியும்

ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. டாஷ்போர்டில் பெரிய திரையோடு நாவிகேஷன் இருக்கும். உள்ளே இருப்பதோ ஜப்பான் வரைபடம், ஜப்பான் எழுத்து. கந்தளாய் றோட்டில் அதைப் பார்த்து ஒரு பயனும் இல்லை. அதனால் தனியாக ஒரு போர்ட்டபிள் ஜி.பி.எஸ். கருவி வாங்கி, சில வருடங்களாகப் பாவிக்கிறேன்.

போனிலேயே மேப் இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். போனும் நல்லதுதான். ஆனால் கச்சான் அடிக்கும் மாதங்களில் முன் கண்ணாடியோடு நிற்கும் போன் சூடேறித் திரையை மங்கலாக்கிவிடும், சில நேரம் தானாகவே நின்றுவிடும். ஹபரணைப் பக்கம் காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். இரவில் யானை குறுக்கே நிற்கக்கூடிய பாதையில் அழைப்பு வந்து மேப்பை மறைத்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. தனிக் கருவிக்கு டேட்டா வேண்டாம், அதற்கு வேறு வேலையும் இல்லை.

இத்தனை காலத்தில் எனக்கு விளங்கியது ஒன்று. எந்தக் கருவி என்று ஆராய்வதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, அதற்குக் கரண்ட் எப்படிப் போகிறது, அது எங்கே உட்காருகிறது என்பதில் செலவிட வேண்டும். நம்முடைய ஊரில் இது இரட்டிப்பு உண்மை. வெயிலும் கடல் உப்பும் எதையும் சும்மா விடாது.

பெட்டியோடு வருவது சிகரெட் லைட்டரில் குத்தும் பிளக். பற்றரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சின்ன சர்க்கிட் அதற்குள்ளேதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரை வரும், அதையும் அது தாங்கும். குறை என்னவென்றால், அந்த பிளக் ஸ்பிரிங்கின் பலத்தில் மட்டுமே நிற்கிறது. குழி விழுந்த இடத்தில் ஒரு தூக்கு தூக்கினால் இணைப்பு ஒரு கணம் விட்டு வரும். அதன் நடுமுனையில் உப்புக்காற்று பட்டுக் கறுத்துவிட்டால் இன்னும் மோசம். வயரோ கியர் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே நிரந்தர வயரிங்.

உவர்மலைப் பக்கம் வேலை செய்யும் ஓர் ஓட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுத்தேன். கிண்ணியாக்காரர், வயதில் மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் செய்த முதல் வேலை எனக்குப் பிடித்தது. ஒரு வயரையும் வெட்டவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே பியூஸ் பெட்டியைத் திறந்து, மல்டிமீற்றரின் கறுப்பு முனையைக் கார் பொடியின் உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு பியூஸின் தலையிலும் தொட்டுப் பார்த்தார். திறப்பை ஒரு படி திருப்பினால் 12 வோல்ட் காட்டி, எடுத்தால் பூச்சியத்துக்கு வரும் பியூஸைக் கண்டுபிடித்ததும், "இதுதான் தம்பி நமக்கு வேணும். திறப்ப எடுத்தா இதுவும் நிக்கணும்," என்றார்.

அந்த இடத்தில் பியூஸைக் கழற்றி, இரண்டு பியூஸ் பிடித்துக் கிளை பிரிக்கும் டாப் ஒன்றைச் செருகினார். பழைய பியூஸ் அதன் வேலைக்கு, பக்கத்தில் புதுசாக 2 அம்பியர் பியூஸ் நமது கருவிக்கு. கருவி 5 வோல்ட்டில் ஏறக்குறைய ஓர் அம்பியர் இழுத்தாலும், 12 வோல்ட் பக்கம் அது அரை அம்பியர்கூட வராது. 2 தாராளம். டாப்பைச் செருகும் திசையிலும் விஷயம் இருக்கிறது. பற்றரியில் இருந்து கரண்ட் வரும் காலில் புதிய கிளை தொடங்க வேண்டும். மாறிச் செருகினால் புதிய கிளையின் கரண்டும் பழைய பியூஸ் வழியாகவே போகும்.

சில இடங்களில் நீலநிறக் கிளிப் ஒன்றைப் போட்டு அமுக்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் தகடு வயரின் உறையைக் கிழித்துச் செம்பைக் கடித்துப் பிடிக்கும். வேலை சுருக்காக முடியும். கடலோரத்தில் அதை நான் நம்பமாட்டேன். கிழிந்த இடத்தால் ஈரம் போய்ப் பச்சை பூத்து, ஒருநாள் விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்கும். அந்தக் கோளாறைத் தேடுவது பெரிய வேதனை. எங்கள் இணைப்புகள் எல்லாம் ஈயம் வைத்து, மேலே சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போட்டவை. எர்த் வயருக்கு வளைய முனை போட்டு, போல்ட்டுக்குக் கீழே பெயின்டைச் சுரண்டி, இறுக்கிய பிறகு வாஸ்லின் பூசினார். மாரி முடிந்து கழற்றிப் பார்த்தேன். வளையம் போட்ட நாள் போலவே பளபளவென்று இருந்தது.

12 வோல்ட்டை 5 ஆக்கும் பெட்டியை வாங்கும்போது முழுதாகப் பிசின் ஊற்றி அடைத்ததை வாங்குங்கள். மலிவான சில பெட்டிகள் எஃப்.எம். றேடியோவில் இரைச்சல் கிளப்பும். டவுனுக்குள் தெரியாது, ஒலிபரப்பு பலவீனமாக வரும் இடத்தில்தான் "உஸ்" என்று கேட்கும். வயரைப் பக்கத்துத் தூண் மூடிக்குள் விடுவதானால், அங்கே ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் விரியும் வழியில் வயர் குறுக்கே கிடக்கக்கூடாது.

இனித் தாங்கி, அதாவது கருவியைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாண்ட். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப், குளிர் நாட்டுக்குச் செய்த சாமான். காலையில் உறுதியாக நிற்கும். மத்தியானம் நிலாவெளியில் காரை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கருவி கால் மிதியில் கிடக்கும். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் சில வாரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். டாஷ்போர்டின் சொரசொரப்பில் கப் பிடிக்கவே பிடிக்காது. இரட்டைப் பக்கப் பசை நாடா பரவாயில்லை, ஆனால் பொலிஷ் பூசிய பிளாஸ்டிக்கில் அதுவும் உரியும்.

நிலையாக நின்றது இதுதான்: இரண்டு மில்லிமீற்றர் அலுமினியப் பட்டியை வளைத்து, றேடியோ மூடியின் ஸ்க்ரூவுக்குக் கீழே கொடுத்து இறுக்கியது. கார்மின் கம்பனியின் பல கருவிகளின் பிடி 17 மில்லிமீற்றர் குண்டில் மாட்டும். அந்தக் குண்டு வைத்த தகடு தனியாகக் கிடைக்கிறது. அதில் உள்ள நான்கு துளைகள் ஏறக்குறைய 30க்கு 38 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பட்டியில் அதே அளவுக்குத் துளை போட்டால் போதும். ஸ்டியரிங்குக்கும் நடுக் காற்று வாய்க்கும் இடையில், தாழ்வாக வைத்திருக்கிறேன். பின்னேரம் கந்தளாய்ப் பக்கம் போனால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். கண்ணாடியில் உயரமாக இருந்த காலத்தில் அந்த நேரத்தில் திரையில் ஒன்றும் தெரியாது. இப்போது தெரிகிறது. பார்வையைச் சற்றுக் கீழே இறக்க வேண்டியிருப்பது மட்டுமே குறை. குரல் வழிகாட்டலைப் போட்டுவிட்டால் அதுவும் பெரிதில்லை.

தாழ்வாக வைத்தால் சிக்னல் குறையுமா? செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன, வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. ஆனால் முன் கண்ணாடி வழியே வானம் தெரிந்தால் தேவையான நான்கு செயற்கைக்கோள்கள் தாராளமாகக் கிடைக்கும். உலோகம் கலந்த கூலிங் பேப்பர் ஒட்டியிருந்தால்தான் பிரச்சினை. நெடுநாள் நிறுத்தி வைத்த பிறகு எடுத்தால், அது புதிய தரவைப் பிடிக்கும் வரை மரநிழல் இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஓடத் தொடங்கிவிட்டால் தேடல் நீளும்.

வருடங்கள் போனபின்தான் தெரியவந்த ஒன்று உண்டு. ஸ்டார்ட் அடிக்கும் அந்தக் கணத்தில் பெரும்பாலான கார்களில் இந்தக் கிளைக்குக் கரண்ட் நின்று திரும்ப வரும். கருவிக்குள் இருக்கும் பற்றரி புதிதாக இருக்கும்வரை கருவி அதை உணரவே உணராது. அந்தப் பற்றரி தளர்ந்ததும் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அணைந்து எரியத் தொடங்கியது. வயரிங்கைச் சந்தேகிக்க முதல் கருவியின் பற்றரியை மாற்றிப் பாருங்கள், எனக்கு அதோடு சரியாகிவிட்டது. லித்தியம் அயன் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும். மூடிய காரின் டாஷ்போர்ட் அதைத் தாண்டிச் சூடேறும். அதனால் நிறுத்தும்போது குண்டில் இருந்து கழற்றிக் கையோடு எடுத்துப் போகிறேன்.

வரைபடத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய கருவி வாங்குபவர்கள் கிண்ணியாவுக்கு ஒரு பாதை போட்டுப் பாருங்கள். 2009இல் பாலம் திறந்தது. அதற்கு முந்திய வரைபடம் என்றால் ஃபெரி காட்டும், ஃபெரியைத் தவிர் என்று சொன்னால் கந்தளாய் சுற்றி அனுப்பும். பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் தரவில் செய்த இலவச வரைபடங்களைப் பல கருவிகளில் ஏற்றலாம், மூதூர், தோப்பூர், வெருகல் பக்கம் அது எனக்கு நன்றாக உதவுகிறது. செயற்கைக்கோள்கள் திகதியைச் சொல்லப் பாவிக்கும் ஜி.பி.எஸ். வார எண், 2019 ஏப்ரல் 6இல் மீண்டும் பூச்சியத்துக்குப் போனது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில அன்றிலிருந்து திகதியைத் தவறாகக் காட்டுகின்றன. வாங்கும்போது திகதியையும் பாருங்கள்.

கடைசியாகக் கேபிள். சின்ன யூ.எஸ்.பி. வாய்தான் இந்தக் கருவிகளில் முதலில் தளரும் இடம். நான் எல் வடிவ பிளக் போட்டு, கேபிளைப் பட்டியோடு கட்டிவிட்டேன். இழுவை வாயில் விழாமல் பட்டியில் விழும். மேலதிகக் கேபிள் வாங்கும்போது சார்ஜ் ஏற்றும் காருக்கான கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண டேட்டா கேபிளைக் குத்தினால் சில கருவிகள் கம்ப்யூட்டரில் மாட்டியதாக நினைத்து, பாதைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.