நன்னடத்தைப் பிணை: நல்ல சேவைதான், கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்

முதல்முறை தவறியவரை ஊரோடும் வேலையோடும் ஒட்டியே வைத்திருக்க நீதிபதியின் கையில் இருப்பவற்றுள் சிறந்தது, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். வக்கீல் வாய்திறந்து கேட்காவிட்டால் பலருக்கு இது கிடைப்பதில்லை.

மரணமோ ஆயுளோ விதிக்க முடியாத குற்றமென்றால், பிரிவு 4-இன்படி சிறைக்கு அனுப்பாமல் பிணைப்பத்திரம் (ஒழுங்காக நடப்பேன், அழைத்தால் வருவேன் என்ற உறுதிமொழி) எழுதி வாங்கி விடுவிக்கலாம். பத்திரத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. நன்னடத்தை அலுவலரின் (குற்றவாளியைப் பற்றி விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருபவர்) கண்காணிப்பும் சேர்ந்தால் அந்தக் கண்காணிப்பு குறைந்தது 1 ஆண்டு. 21 வயது நிரம்பாதவருக்குப் பிரிவு 6 இன்னும் வலுவானது: அலுவலரின் அறிக்கையைக் கேட்காமலும் காரணம் எழுதாமலும் சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது.

சிறையோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை தெரியும். 3 மாதச் சிறை தாளில் சின்னத் தண்டனை. வேலையும் வாடகை வீடும் கைநழுவ அது தாராளம். உள்ளே ஒரு தொழில் கற்கப் போதாது. அபராதம் கட்ட முடியாவிட்டால் அதற்கென்று கூடுதல் சிறைக்காலம். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஒரே வழக்கில் இரண்டு குற்றங்களுக்குத் தண்டனை என்றால், தீர்ப்பில் ‘ஏக காலத்தில்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்.

குறைகளுக்கு வருவோம். பெரிய கோளாறு அறிக்கையில்தான். குற்றவாளி என்று அறிவித்த அன்றே தண்டனையும் சொல்லிவிட்டால் அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரிக்க நேரமேது? தண்டனை பற்றிக் கேட்கும்போதே வாய்தா கேளுங்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, வேலை கொடுப்பவரின் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். அந்த நீதிமன்ற எல்லைக்குள் நிலையான இருப்பிடமோ வழக்கமான தொழிலோ வேண்டும் என்கிற விதியில் வெளியூர்த் தொழிலாளிகள் அடிபடுகிறார்கள். அது ஜாமீன்தாரருக்கு இருந்தாலே போதும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

நிபந்தனைகளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். இரவுப் பணிக்காரரை இரவில் வீட்டிலேயே இருக்கச் சொன்னால் மீறல் நிச்சயம். முதல் மீறலுக்கு 50 ரூபாய் வரை தண்டம் விதித்து விடலாம் (தொகை 1958-இல் எழுதியது!), மூலக் குற்றத்துக்கே தண்டனையும் விதிக்கலாம்.

பிரிவு 12-ஐ நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பைத்தான் அது நீக்கும், தீர்ப்பை அழிக்காது. அரசு ஊழியர் மீது துறை நடவடிக்கைக்கு அது தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொல்லிவிட்டது. வேலை விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். உத்தரவில் பிரிவு 12-ஐக் குறிப்பிடக் கேட்டு, சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சமூக சேவைத் தண்டனை 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டு போன்ற ஒருசில குற்றங்களுக்கே உண்டு. பிரிவு 12 போன்ற பாதுகாப்பு அதில் இல்லை.

விசாரணை நீதிமன்றத்தில் கேட்கத் தவறியிருந்தால், மேல்முறையீட்டிலும் சீராய்விலும் பிரிவு 11-இன்கீழ் கேட்கலாம். அதற்குள் அறிக்கைக்கான சான்றுகளைத் தயாராக வைத்திருங்கள்.