காந்தத்திலிருந்து நியோடிமியம்: ஆக்ஸலேட்டா, இரட்டை சல்ஃபேட்டா?

பழைய ஹார்ட் டிஸ்க் காந்தங்களை அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள நியோடிமியம் என்ற உலோகத்தைப் பிரிக்க இரண்டு வழியையும் செய்து பார்த்துவிட்டேன்: ஆக்ஸாலிக் அமிலம் சேர்த்து ஆக்ஸலேட் உப்பாகப் படியவைப்பது ஒன்று, சோடியம் சல்ஃபேட் சேர்த்து, நியோடிமியமும் சோடியமும் சேர்ந்த இரட்டை சல்ஃபேட் உப்பாகப் படியவைப்பது இன்னொன்று. இப்போது நான் முதலில் போவது இரட்டை சல்ஃபேட்டுக்குத்தான்.

ஆக்ஸலேட்டின் அருமை தெரிந்ததே. அமிலக் கரைசலிலேயே படியும், மணிமணியாக இருப்பதால் சட்டென்று வடியும், உலையில் சுட்டால் நேராக ஆக்ஸைடு. ஹைட்ராக்ஸைடின் கூழ் வடிதாளை அடைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் காந்தத்தில் பெரும்பங்கு இரும்பு. எனக்கு முடிவைச் சொன்னது அதுதான். 10 கிராம் காந்தத்தில் அருமண் (நியோடிமியமும் அதன் இன உலோகங்களும்) ஏறக்குறைய 3 கிராம், இரும்பு 6.5 கிராம். அந்த 3 கிராமுக்கு 4 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் போதும். இரும்பு ஃபெரஸாக (இரண்டு மின்னூட்டம் கொண்ட அயனியாக) இருந்தால் அதுவும் மஞ்சள் ஆக்ஸலேட்டாகக் கூடவே படியும். மொத்தமும் படிந்தால் இன்னும் 15 கிராம் போய்விடும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டு ஃபெரிக் (மூன்று மின்னூட்டம்) ஆக்கினால் படியாது, சரி. ஆனால் ஒவ்வொரு இரும்பு அயனியும் மூன்று ஆக்ஸலேட் வரை பிடித்துவைத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் 44 கிராம் வரை போகும்!

இரட்டை சல்ஃபேட்டில் இரும்பு பங்கு கேட்பதில்லை. கந்தக அமிலத்தில் கரைத்து, பிஹெச் 1.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, சோடியம் சல்ஃபேட் சேர்த்துச் சூடாக்கினால் நியோடிமியம் பொடியாக இறங்கும். சூடு ஏற ஏற இந்த உப்பின் கரைதிறன் குறையும். ஃபெரஸ் இரும்பு வெளிர்பச்சையாகக் கரைசலிலேயே நின்றுவிடும். வடித்த பொடியை வெயிலில் பார்த்தால் இளம் ஊதா, டியூப்லைட் அடியில் வெளிறிய நீலம். அதைப் பார்க்கும்போது இன்றும் மனசு நிறைகிறது.

முதல் தடவை பச்சைத் தண்ணீரில் கழுவி, ஒரு பகுதியை வடிநீரோடு விட்டேன். சோடியம் சல்ஃபேட் கரைந்த சுடுநீரில்தான் கழுவ வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் காந்தத்தோடு என் அனுபவம் நிற்கிறது. டிஸ்புரோசியம் போன்ற கன (அணு எடை கூடிய) அருமண்களின் இரட்டை சல்ஃபேட் கூடுதலாகக் கரையும் என்பதால், டிஸ்புரோசியம் அதிகமுள்ள மோட்டார் காந்தத்துக்கு இதையே கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். நியோடிமியத்தின் இன உலோகமான பிரசியோடிமியம் இரண்டு வழியிலும் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதைப் பிரிக்கக் கரைப்பான் பிரித்தெடுப்புக்கு (தண்ணீரோடு கலக்காத கரைப்பானுக்கு இழுத்துப் பிரிக்கும் முறைக்கு) போக வேண்டும்.

இரட்டை சல்ஃபேட்டில் ஒரு வேலை கூடுதல்: காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து ஹைட்ராக்ஸைடாக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். அப்புறம் அந்த 4 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தை எடுக்கிறேன். இரும்பு போய்விட்டதால் அது முழுக்க நியோடிமியத்துக்கே சேர்கிறது.