ஒலிம்பஸ் ட்ரிப் 35: மட்டக்களப்பில் வாங்கலாமா?

1967 இல் வந்த கமரா. பற்றரி கிடையாது. வில்லையைச் சுற்றியுள்ள செலினியம் வளையம் வெளிச்சத்திலேயே மின்னை எடுத்து, வெளிச்சம் அளக்கும் ஊசியை அசைக்கும். பாதரசப் பற்றரி கிடைக்காமல் அதே காலத்துக் கமராக்கள் பல முடங்கிக் கிடக்க, இது இன்னும் ஓடுவது அதனால்தான்.

விலை பேசுமுன் துவார வளையத்தை 'ஏ' (தானியங்கி) இல் வைத்து, படச்சுருள் நகர்த்தும் சில்லைச் சுற்றி, வில்லையைக் கையால் பொத்திக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். பார்வைக் கண்ணாடியில் சிவப்பு நாக்கு எழவேண்டும், படம் விழக்கூடாது. வெயிலைப் பார்த்துப் பிடித்தும் நாக்கு எழுந்தால் செலினியம் செத்திருக்கும், இல்லையேல் ஊசி இறுகியிருக்கும். செத்த செலினியத்துக்கு வைத்தியம் இல்லை. பழுதான இன்னொரு ட்ரிப்பிலிருந்து கழற்றிப் போடவேண்டியதுதான்.

அடுத்த வழமையான நோய், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் துவார இதழ்களில் எண்ணெய் பிசுபிசுத்து ஒட்டுவது. வெயிலில் அடிக்கும்போது முன்னாலிருந்து பாருங்கள்: துவாரம் சுருங்காவிட்டால் படமெல்லாம் வெளிறும். இதழ்களை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைக்கலாம். ஆனால் முன்வில்லையைத் திருகிக் கழற்றுமுன் அது நிற்கும் இடத்தைக் கீறி அடையாளமிடுங்கள். இல்லாவிட்டால் தூரக்கணக்கு பிசகி, எல்லாம் மங்கலாகத்தான் வரும்.

பின்கதவின் பஞ்சு நிச்சயம் கறுப்புப் பிசினாக உருகியிருக்கும். ஈர்க்கில் முனையில் அற்ககோல் தொட்டுச் சுரண்டி எடுத்து, தவாளிப்புகளில் கறுப்புக் கம்பளி நூலைப் பதியுங்கள். கீல்பக்கத்துக்கு மட்டும் புதுப்பஞ்சு. அதை விட்டால் ஒளி கசிந்து படத்தில் செம்மஞ்சள் கோடு விழும்.

வாவிக்கரை ஊரில் பெரிய எதிரி பூஞ்சணம். ரோச் வெளிச்சத்தை வில்லைக்குள் அடித்தால் சிலந்தி வலைபோல் தெரியும். மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் தழும்பு போகாது. தோலுறை அழகுதான், மாரியில் அதுவே ஈரம் குடிக்கும். இறுக்கி மூடும் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

படச்சுருளுக்கு 200 ஏஎஸ்ஏ (ஒளியுணர்வு அளவு) போதும். ஷட்டர் வேகம் 1/40, 1/200 இரண்டுதான்; கல்லடிக் கடற்கரை உச்சிவெயிலில் 400 போட்டால் ஆகச் சிறிய துவாரமான எஃப் 22 உம் போதாமல் போகலாம். எஃப் 2.8, 40 மில்லிமீற்றர் வில்லை பகலில் கூர்மையாகவே தரும். தூரத்தை மட்டும் நீங்களே குறி பார்த்து வைக்கவேண்டும்: 1, 1.5, 3 மீற்றர், முடிவிலி. வீட்டுக்குள் பிள்ளைகளைப் படம்பிடிக்க வாங்குகிறவர்கள் வேறு கமரா பார்க்கலாம். பிளாஷ் இல்லாமல் அங்கே சிவப்பு நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.